ஏலக்காய்க் கம்மலும் மூன்று செம்புப் பிரியாணியும்

ஒரு வீட்டில் முதன்முதலாக ஒருத்தி கல்லூரிக்குப் போய்விட்டு வந்துவிட்டால், அதன் பிறகு அந்த வீட்டில் யாராலும் நிம்மதியாக ஒரு சாயா குடிக்க முடியாது. சர்க்கரை ஏன் ஆகாது என்று ஆரம்பிப்பாள். பிளாஸ்டிக் குடம் ஏன் ஆகாது என்று தொடர்வாள். கடைசியில் சாயா ஆறிப்போகும்.

எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான்.

என் அத்தா, அம்மா, அவர்களுடைய அத்தா, அம்மா யாரும் பள்ளிக்கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றியதில்லை. நான் மட்டும் போய், பி.ஏ. பொருளாதாரம் முடித்து, பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். (மாட்டியது நானே. ஆணி அடித்ததும் நானே. வேறு யாரும் அவ்வளவு சரியான இடத்தில் அடிக்க மாட்டார்கள்.)

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு மிளகு, சுக்கு, ஜாதிக்காய்க் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. அத்தா பெட்டி ஆட்டோ ஓட்டுகிறார். கிடங்கிலிருந்து மசாலாச் சாமான்களைக் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. அம்மா அதே கிடங்கில் தரையில் உட்கார்ந்து சாமான்களைத் தரம் பிரிப்பாள். உடைந்தது ஒரு பக்கம், முழுசு ஒரு பக்கம். எங்கள் குடும்பமே தினமும் பிரியாணி வாசனையோடுதான் வீடு திரும்பும். பிரியாணி மட்டும் திரும்பாது.

பட்டம் வாங்கியதும் கிடங்கின் மேனேஜர் அம்மாவிடம், "மகளை அனுப்பு, ஆபீஸில் கணக்கு எழுதட்டும்" என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தரையில் உட்காரும் அதே கட்டடத்தில் மகள் ஏசி அறையில் நாற்காலியில் உட்காருவாள்! எனக்கோ அது பெரிய அவமானமாகத் தெரிந்தது. நான் படித்தது ஜாதிக்காயின் பக்கத்தில் உட்காரவா?

ஆகவே நான் கலைஞர் ஆனேன்.

யாரும் செய்யாத நகை செய்வது என்று முடிவு. பூ வடிவ நகை. ஆனால் தங்கத்தில் இல்லை, வெள்ளியில் இல்லை, மசாலாவில். சிவந்த ஜாதிபத்திரியை விரித்து ஒட்டினால் அசல் செம்பருத்தி. ஏலக்காயை நான்காகப் பிளந்து விரித்தால் மல்லிகை மொட்டு. கிராம்பைக் கோத்தால் முல்லைச் சரம். அன்னாசிப்பூவுக்கு எதுவுமே செய்ய வேண்டாம், அது பிறக்கும்போதே நெற்றிச்சுட்டியாகத்தான் பிறக்கிறது. கிடங்கில் கழித்துப் போடும் சாமான்தான் மூலதனம். பொருளாதாரம் படித்தது வீண் போகவில்லை பாருங்கள்.

அம்மா என் முதல் மாலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு முகர்ந்து பார்த்தாள்.

"காலையில இருந்து நான் பொறுக்கி வெளியே தள்ளுறேன். நீ அதையே பொறுக்கி வீட்டுக்குள்ள கொண்டு வர்றே. பின்னே எதுக்குடீ ரெண்டு பேரும் வேலை செய்யிறோம்?"

"அம்மா, இது கலை."

"ஓ! அப்ப நான் இத்தனை வருஷமா கலையா செஞ்சிட்டிருந்தேன்? ஒருத்தரும் சொல்லலியே."

அதோடு விட்டாளா? "வார்னிஷ் ஒரு கோட்டு அடி, எறும்பு வரும்" என்றாள்.

"ரசாயனம் உடம்புல படக் கூடாதும்மா."

"கட்டெறும்பு படலாமா?"

இப்படிப்பட்டவர்களோடு வாதம் செய்வதில்லை என்பது அப்போது என் கொள்கை. என் நகையில் பசைகூட மரவள்ளிக் கப்பை மாவைக் காய்ச்சி எடுத்ததுதான். கோப்பது பருத்தி நூல். பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய சின்ன வெள்ளிக் கொக்கிகள் மட்டுமே உலோகம். அந்தப் பாவத்தையும் வெளியே தெரியாமல் இருக்க, பூவிதழ்களுக்குள்ளேயே மறைத்து ஒட்டிவிடுவேன். 'உலோகம் கண்ணில் படக் கூடாது' என்பது இன்னொரு கொள்கை. (அந்த நாட்களில் என்னிடம் பணத்தைத் தவிர எல்லாம் இருந்தது. முக்கியமாகக் கொள்கை.)

முதல் ஆர்டர் ரைஹானாவிடமிருந்து வந்தது. சுள்ளிக்கல்லில் இருப்பவள், என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கல்யாணத்துக்கு முதல் நாள் மைலாஞ்சி. பெண்ணுக்கு மருதாணி இட்டு, பாட்டுப் பாடி, பிரியாணி போடும் நாள். கல்யாணத்தன்று தங்கம் போட்டே ஆகவேண்டும், மைலாஞ்சிக்கு உன் நகைதான் என்றாள். நட்புக்காகச் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது, ஊருக்கே ரசனை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதைவிட முக்கியம், மாப்பிள்ளையின் பெரியம்மா சுபைதா இத்தா. (இங்கே அக்காவை இத்தா, அண்ணனை இக்கா என்போம். வயது எவ்வளவு ஆனாலும் இத்தாதான்.) அவருக்கு ஃபோர்ட் கொச்சியில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து விலை கேட்டு மயங்கி விழும் ரகத்தில் ஒரு கடை. என் படங்களை ஏற்கெனவே அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"படத்துல எல்லாமே அழகுதான் மோளே. பொண்ணு மேல பார்க்கணும். மைலாஞ்சிக்கு வருவேன்ல, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

வீட்டில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். சுபைதா இத்தா சரி என்றால் அவர் கடையில் எனக்கு ஓர் அலமாரி. இல்லையென்றால் திங்கட்கிழமை காலை, ஏசி அறை, நாற்காலி, ஜாதிக்காய்க் கணக்கு. அம்மா ஒப்பந்தத்துக்குச் சம்மதித்த வேகத்தைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மைலாஞ்சி நாள் வந்தது. கழுத்துக்குச் செம்பருத்தி மாலை, காதுக்கு ஏலக்காய் மல்லிகை, கைக்குக் கிராம்பு முல்லை, நெற்றிக்கு அன்னாசிப்பூச் சுட்டி. எல்லாம் தயார். நெற்றிச்சுட்டியை மட்டும் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன், வழியில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்க. மற்றவற்றை எதில் வைத்து அனுப்புவது? அம்மா ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். நான் அந்த டப்பாவைப் பார்த்த பார்வையிலேயே அது உருகியிருக்க வேண்டும். வெள்ளை மல் துணியில் நகைகளை வைத்து, நான்கு மூலையையும் கூட்டி, பருத்தி நூலால் கட்டி, ஓர் அட்டையில் முத்து முத்தாக மலையாளத்தில் எழுதித் தொங்கவிட்டேன்: 'ரைஹானாவின் கல்யாணத்துக்கு.'

அத்தா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"ஒரு பெட்டிகூடக் கிடையாதா? பார்த்தா சோத்து மூட்டை மாதிரி இருக்கு."

"இதுக்குப் பேரு எளிமை, அத்தா."

"நம்ம வீட்டுல எப்பவும் அதுதானே இருக்கு" என்றபடி வண்டியில் வைத்தார்.

பந்தல் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு அவர் சுள்ளிக்கல் போகிறார். அதே வண்டியில் நானும் ஏறிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் புதுச் சுடிதாரோடு, நாற்காலிகளுக்கு நடுவில், பெட்டி ஆட்டோவில் ஒரு வடிவமைப்பாளர் போய் இறங்குவதா? செல்போனில் கார் வரவழைத்தேன். நடந்தாலே போய்விடக்கூடிய தூரம். மழை பிடித்துக்கொண்டது, எதிரே ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றது. ஏசி காற்றில் கால் மேல் கால் போட்டு நான் நெற்றிச்சுட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் என் தொழில் வாழ்க்கை அடுப்பேறிக்கொண்டிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது ரைஹானா பச்சைப் பட்டில், இரண்டு கையிலும் ஈர மருதாணியோடு, மொட்டைக் கழுத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எடீ ஷெரினே, நகை எங்கே?"

"அத்தா கொடுத்திருப்பாரே."

"உன் அத்தா நாற்காலி கொடுத்தார். அதையா கழுத்துல மாட்டுறது?"

அத்தாவுக்குப் போன் போட்டேன்.

"கொடுத்துட்டேனே. முன் வாசல் முழுக்கப் பொம்பளைங்க. மைலாஞ்சி வீட்டுல ஆம்பளை எப்படிம்மா உள்ளே போறது? பின்பக்கம் போய் பரீதிக்கா கையில கொடுத்தேன். மட்டாஞ்சேரியில இருந்து வந்திருக்கு, கல்யாணப் பொண்ணோட சாமான்னு சொன்னேன்."

பரீதிக்கா யார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பகுதியில் அவரைத் தெரியாதவர்கள் இன்னும் சோறு தின்னாத குழந்தைகள் மட்டும்தான். பண்டாரி. அதாவது பிரியாணி சமைப்பவர். அத்தா எத்தனையோ வருடமாக அவருக்கு மசாலா கொண்டுபோய்க் கொடுக்கிறவர். மசாலாவைத் தவிர வேறு எதையும் கொடுத்ததே இல்லாதவர்.

பின்பக்கம் ஓடினேன். அண்டா அளவுக்கு மூன்று பெரிய செம்புகள் வரிசையாக இருந்தன. மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்து, மேலே தீக்கங்கு போட்டு, தம்மில் இருந்தன. பக்கத்துக் கொடியில் என் மல் துணி, அலசிப் பிழியப்பட்டு, ஆடிக்கொண்டிருந்தது.

"வா மோளே, சாயா வேணோ?" என்றார் பரீதிக்கா.

"இக்கா, அத்தா ஒரு கட்டு கொண்டு வந்தாரா?"

"வந்தல்லோ! எந்தொரு சாமான்! உங்க அத்தா எனக்கு எவ்வளவோ கொண்டு வந்திருக்காரு, இதுபோல ஒண்ணு வந்ததில்லை. பூப்பூவா அடுக்கி வச்சிருக்கு. இப்ப மசாலாவிலயும் பேஷன் வந்தாச்சு, இல்லையா?"

"அதை என்ன செஞ்சீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிரியாணி என்றால் என்ன என்று தெரியாத பெண் என்று நினைத்திருப்பார்.

"தம் போடுற நேரத்துக்குச் சரியா வந்துச்சு. அடுக்கு அடுக்கா இட்டேன்."

"அது நகை, இக்கா!"

"ஆரு சொன்னது? அட்டையில எழுதியிருந்துச்சே, ரைஹானாவின் கல்யாணத்துக்குன்னு. கல்யாணத்துக்குத்தானே இட்டேன்?"

அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நூல் இருந்துச்சே, அதைப் பார்க்கலியா?"

"பின்னே பார்க்காமலா? கொட்டிப்போகாம இருக்கக் கோத்து அனுப்பியிருக்காங்கன்னு உருவி எடுத்துட்டேன். என்னைப் பத்தி என்ன நினைச்சே, நூலோட சோறு போடுறவன்னா?"

நூலை உருவியாயிற்று. பசை கப்பை மாவு, அது ஆவியில் கரைந்துவிடும். மசாலா, மசாலாதான். ஒரு நொடி நிம்மதியாக மூச்சு விட்டேன். அம்மாவின் வார்னிஷை நான் அடிக்காததால் ஊர் பிழைத்தது. (என் படிப்பால் சமுதாயத்துக்கு நேரடியாகக் கிடைத்த ஒரே நன்மை இது. தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.) அடுத்த நொடி நினைவு வந்தது: கொக்கிகள். காதுக்கு இரண்டு, கழுத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று. கண்ணில் படக் கூடாது என்று நான் பாடுபட்டு இதழுக்குள் ஒளித்து வைத்த, கூர்மையான, நான்கு வெள்ளிக் கொக்கிகள்.

"எந்தச் செம்புல போட்டீங்க?"

"மூணுலயும்" என்றார் பெருமையாக. "நல்ல சாமானை ஒருத்தருக்குக் கொடுத்து ஒருத்தருக்குக் கொடுக்காம இருக்கிற பழக்கம் எனக்கில்லை."

"திறங்க இக்கா, உள்ளே நாலு கொக்கி கிடக்கு, தேடணும்."

"தம்மில் இருக்கிற செம்பையா?" அவர் எழுந்து செம்புகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "மோளே, என் கண்ணை அடைச்சிட்டு அப்புறம் இதைத் திற. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு. சோறு குழைஞ்சா ரைஹானாவோட வாப்பா முகத்துல யார் முழிக்கிறது? உன் கொக்கியா?"

தம் திறந்தபோது மணம் முன் வாசல் வரை போனது. அதே நிமிடம் பரிமாறவும் தொடங்கிவிட்டார்கள். செம்புக்குள் கரண்டியை விட்டுத் தேட எனக்கு இடம் தர யாருமில்லை. ஒரே வழிதான் இருந்தது. பாட்டுப் பாடுகிற பெண்ணிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் பந்தியின் நடுவில், மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு மத்தியில், சுபைதா இத்தா உட்கார்ந்திருந்தார். என் அலமாரி அங்கே உட்கார்ந்திருந்தது என்றே எனக்குத் தோன்றியது.

"எல்லாரும் கொஞ்சம் கவனமாச் சாப்பிடுங்க" என்றேன். "பிரியாணியில முள் இருக்கலாம்."

எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள்.

"இது கோழி பிரியாணியல்லோ?" என்றது ஒரு குரல்.

"ஆமா."

"கோழிக்கு எப்ப மோளே முள் வந்தது?"

எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு வயதான அம்மாயி கையை வாய்க்குக் கொண்டுபோனார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிடியில் கிராம்பு ஒன்று தெரிந்தது. என் கிராம்பு. அதற்கு மேல் தாங்கவில்லை. "அம்மாயி, வாயில வைக்காதீங்க, அதுல என் கம்மல் இருக்கு!" என்று மைக்கில் கத்திவிட்டேன். பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நகை, மசாலா, மல் துணி, கொக்கி. மைக் வைத்திருந்ததால் ஆண்கள் பந்தலுக்கும் கேட்டது. தெருமுனைக் கடைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

சுபைதா இத்தா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரைஹானாவின் உம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் ரைஹானா எழுந்து வந்தாள். மருதாணி கலையக் கூடாது என்று இரண்டு முழங்கையாலும் மைக்கை இடுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ கேளுங்க! கொக்கி யார் தட்டுல கிடைக்குதோ அந்த வீட்டுலதான் அடுத்த கல்யாணம்!"

அவ்வளவுதான். அதுவரை சோற்றைத் தள்ளி வைத்திருந்த, கல்யாண வயதில் மகள் இருக்கிற அத்தனை உம்மாமாரும் தட்டுக்குள் இறங்கினார்கள். கூடம் முழுக்க, முள் நிறைந்த கரிமீன் தின்பதுபோல் பிரியாணி தின்றது. ஒவ்வொரு பருக்கையாகத் தடவி, ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து. கல்யாண வீட்டில் அப்படியோர் அமைதியை நான் பார்த்ததில்லை. தட்டில் கிடைக்காதவர்கள் இரண்டாம் முறை வாங்கினார்கள். ஆண்கள் பந்தலில், மகனுக்குப் பெண் தேடி அலுத்த ஒருவர் மூன்றாம் முறை வாங்கினார். செம்பு வழித்துத் துடைத்தது போல் காலியானது. பரீதிக்கா தூணில் சாய்ந்து நின்று, ஆனந்தக் கண்ணீரைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இரண்டு கொக்கிகள் கிடைத்தன. கிடைத்த வீட்டுக்காரர்கள் குரவையிடாத குறை. மூன்றாவது எங்கே என்று நான் பந்தி பந்தியாகத் துழாவிக்கொண்டிருந்தபோது சுபைதா இத்தா கையைக் காட்டிக் கூப்பிட்டார். வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, கடைவாயிலிருந்து ஒன்றை எடுத்து, கறிவேப்பிலையை ஒதுக்குவது போல் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நகையைக் காட்டுன்னு சொன்னேன் மோளே. ஊட்டிவிடுன்னு சொல்லலை."

எனக்குள் திங்கட்கிழமை விடிந்துவிட்டது. ஏசி காற்று முதுகில் அடித்தது.

அவர் ரைஹானாவைப் பார்த்தார். வெறுங்கழுத்து, வெறுங்காது. நெற்றியில் மட்டும், என் கைப்பையில் இருந்ததால் தப்பிப் பிழைத்து, பின்பக்கம் ஓடும் முன் நான் மாட்டிவிட்ட அன்னாசிப்பூச் சுட்டி. மேடை விளக்கில் அது மரத்தில் செதுக்கிய நட்சத்திரம் போல் இருந்தது. (இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.)

"பார்க்கவும் நல்லாயிருக்கு, தின்னவும் நல்லாயிருக்கு" என்றார் சுபைதா இத்தா கடைசியில். "ரெண்டையும் பிரிச்சுத் தர்றதா இருந்தா ஒரு அலமாரி தர்றேன். வார்னிஷ் அடிச்சிரு, என் கடையில எறும்பு வரக் கூடாது."

அம்மாவிடம் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் நான்காவது கொக்கி கிடைக்கவில்லை. அடுத்த நாட்களில் சுள்ளிக்கல்லில் யாருக்கு வயிற்றுவலி என்றாலும் என் வயிறு முதலில் வலித்தது. தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், "எப்படியிருக்கீங்க, நல்லா ஜீரணமாகுதா?" என்று விசாரித்தேன். எங்கள் தெருவில் எனக்கு டாக்டர் படிப்பும் இருப்பதாக ஒரு பேச்சு கிளம்பியது. நான் மறுக்கவில்லை.

அலமாரியில் நகை வைத்த முதல் வாரம், கடைக்குள் தலையை விட்டுத் தயங்கித் தயங்கி ஒருவர் வந்தார். பரீதிக்கா. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நான்காவது கொக்கி.

"துணியில மாட்டிக் கிடந்துச்சு. காய்ஞ்சதும் கண்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கொக்கியை நான் எந்தெந்த வயிற்றிலெல்லாம் தேடியிருந்தேன்! அவர் அதற்குள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பருத்தி மாலை அருகே குனிந்து ஆழமாக முகர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"வார்னிஷா?"

"ஆமா இக்கா."

"கெடுத்துட்டியே மோளே" என்றார் உண்மையான துக்கத்தோடு. "எல்லாரும் அந்த மைலாஞ்சி பிரியாணியைத்தான் கேக்குறாங்க. வார்னிஷ் இல்லாம, கொக்கி இல்லாம, ரெண்டு மாலை கிடைக்குமா?"

இன்று என் தொழிலில் இரண்டு பிரிவுகள். ஃபோர்ட் கொச்சியில் அலமாரி. அங்கே ஒவ்வொரு நகையிலும் 'அணிவதற்கு மட்டும், சமைப்பதற்கு அல்ல' என்று ஓர் அட்டை தொங்கும். வாங்குகிறவர்கள் அதை நல்ல நகைச்சுவை என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு பிரிவு பரீதிக்கா. இரண்டில் எது அதிகமாக விற்கிறது என்று கேட்காதீர்கள். நான் பொருளாதாரம் படித்தவள், வலிக்கும்.

எங்கள் வீட்டில் பிரியாணி வந்தால் இப்போதும் யாரும் உடனே கை வைப்பதில்லை. அத்தா விரலால் சோற்றைக் கிளறிக்கொண்டே, "கொக்கி பார்த்தாச்சா?" என்பார். "பார்த்தாச்சு" என்று அம்மா சொன்ன பிறகுதான் முதல் பிடி. ஹோட்டலிலும் இதே கதை. பரிமாறுகிறவர் ஓடிவந்து, "சோற்றில் ஏதாவது கிடக்குதா சேட்டா?" என்று பதறுவார்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. பலகாரம் எல்லாம் முடிந்து, மாப்பிள்ளையின் உம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மோளுக்கு நகையெல்லாம் எப்படிப் போடுறதா இருக்கீங்க?" என்று கேட்டார்.

அத்தா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நகையெல்லாம் அவளே செஞ்சிருவா. நீங்க அரிசியும் கோழியும் கொண்டு வந்தாப் போதும்."

அவர்கள் அப்புறம் வரவேயில்லை. அம்மா மட்டும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் பட்டமளிப்புப் படத்துக்கு நேர் கீழே, வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.